ஒரு தடவை பூஸ்ட் பண்ணினால் இலவச ரீச் போய்விடுமா?

கேள்வி: 18 நவம்பர் 2024, காலை 9:12

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கிறோம். இன்ஸ்டாகிராம் பக்கம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆடியில் வியாபாரம் மந்தம் என்று இரண்டு மாதம் காசு கட்டி பூஸ்ட் பண்ணினோம், அதாவது போஸ்ட்டை விளம்பரமாக ஓடவிட்டோம். நிறுத்தியதிலிருந்து ரீச், அதாவது போஸ்ட் எத்தனை பேரிடம் போய்ச் சேர்கிறது என்ற கணக்கு, படுத்துவிட்டது. ஒரு தடவை காசு வாங்கி ருசி கண்டுவிட்டால் அல்காரிதம் (யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற நிரல்) அப்புறம் சும்மா காட்டாது என்கிறார் என் மச்சான். உண்மையா? மறுபடி காசு கட்டத்தான் வேண்டுமா?

18 நவம்பர் 2024, பகல் 1:40

உண்மை இல்லை. உங்கள் மச்சான் சொல்வதை நூறு பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன், ஒருவரும் ஆதாரம் காட்டியதில்லை. நிறுவனமும் மறுத்திருக்கிறது. மறுக்காமல் என்ன செய்யும் என்பீர்கள், சரி. ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து யோசியுங்கள். ஃபீடில் பார்க்க ஒன்றும் இல்லையென்று ஆள் போனைக் கீழே வைத்துவிட்டால் அவனுக்கு விளம்பரமும் காட்ட முடியாது. உங்கள் விளக்கை விரும்பிப் பார்க்க ஆள் இருக்கும்போது அதை ஒளித்துவைத்து அவர்களுக்கு என்ன லாபம்?

முதல் வேலையாக ‘அல்காரிதம்’ என்று ஒற்றை ஆளைப் போலச் சொல்வதை விடுங்கள். அது குலதெய்வம் இல்லை, கோபித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதற்கு. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2021 ஜூனிலேயே இதை விளக்கி எழுதினார். ஃபீடுக்கு ஒரு கணக்கு, ஸ்டோரிக்கு ஒரு கணக்கு, புதிதாகத் தேடிப் பார்க்கிற பக்கமான எக்ஸ்ப்ளோருக்கு வேறு, ரீல்ஸுக்கு வேறு. ஸ்டோரியில் தெரிந்த முகங்கள்தான் முன்னால் வரும். எக்ஸ்ப்ளோரிலும் ரீல்ஸிலும் பெரும்பாலும் நீங்கள் யாரென்றே தெரியாதவர்களுக்குக் காட்டிப் பார்க்கிறது. ஆக, உங்களுக்குப் படுத்தது எந்த ரீச்? ஃபாலோயர்களிடமா, வெளி ஆட்களிடமா? இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பக்கத்தில் பிரித்துக் காட்டும். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

நான் யார் என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை, திருப்பூரில் இரண்டு துணிக்கடை, ஒரு பல் டாக்டர். இவர்களுடைய பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் 2016-இலிருந்து என் பிழைப்பு. பெரிய பிராண்டுகள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

18 நவம்பர் 2024, பகல் 2:05

ஒருவர் உள்ளே வந்து “சாயங்காலம் 6 மணிக்குப் போட்டால்தான் ரீச்” என்கிறார். இன்னொருவர் இல்லை, காலை 11 என்கிறார். ராகு காலம் எமகண்டம் பார்த்து கடை திறக்கிற ஊரில் போஸ்ட்டுக்கும் நல்ல நேரம் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் ஃபாலோயர்கள் முழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள், அவ்வளவுதான். ரீல் ஒன்று போட்டுப் பத்து நாள் கழித்து ஓடத் தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த 6 மணி?

22 நவம்பர் 2024, இரவு 10:30

‘முன்னெல்லாம் போட்டால் எல்லாருக்கும் போகும்’ என்று ஏக்கமாக எழுதியவருக்கு.

அந்த முன்னெல்லாம் ரொம்பக் குறுகிய காலம். ஃபேஸ்புக்கின் நியூஸ் ஃபீட் 2006 செப்டம்பரில் வந்தது. அது எப்படிப் பொறுக்குகிறது என்று 2010-இல் அவர்களே மேடையில் விளக்கினார்கள். எட்ஜ்ரேங்க் என்று பெயர். மூன்றே விஷயம்: பார்க்கிறவருக்கும் போட்டவருக்கும் எவ்வளவு நெருக்கம், போட்டது எந்த வகை, போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று. அப்போதே எல்லாருக்கும் எல்லாம் போகவில்லை. ஓகில்வி விளம்பர நிறுவனம் பிராண்டு பக்கங்களை அலசிப் பார்த்தபோது, 2014 பிப்ரவரியில் ஒரு போஸ்ட் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது ஃபாலோயர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான். 2018 ஜனவரியில் ஸக்கர்பெர்க் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், இனி சொந்தபந்தம், நண்பர்கள் போடுவது முன்னால், கடைகளும் பத்திரிகைகளும் பின்னால் என்று.

இன்ஸ்டாகிராமில் 2016 வரை நேர வரிசை. நான் தொழிலுக்கு வந்த வருஷம்தான் அதை மாற்றினார்கள். ஆக நான் ‘முன்னெல்லாம்’ பார்க்கவே இல்லை. கல்யாண வீட்டுக்குக் கடைசிப் பந்திக்கு வந்தவன்.

2 டிசம்பர் 2024, இரவு 11:15

இது என் சொந்தக் கதை. கொஞ்சம் நீளம்.

ஆறு மாதம் முன்பு எண்ணெய்க் கடைக்கு ஒரு ரீல் எடுத்தேன். வாகை மர உரல், அதில் கொப்பரை ஆட்டி முடித்திருந்தார்கள். எண்ணெய் இறங்கியதும் உரலின் சுவரோடு பிண்ணாக்கு அப்பிக்கொண்டு நிற்கும். கம்பியை ஓரமாகக் கொடுத்து நெம்பினால் ‘கறக்’ என்று ஒரு சத்தத்தோடு வீட்டு ஓடு சைஸில் பெயர்ந்து வரும். அதை மட்டும் எடுத்தேன். 17 விநாடி. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, விலை இல்லை. எடிட் பண்ண நேரமில்லாததுதான் காரணம், கலை என்று நினைக்காதீர்கள்.

4 லட்சத்து 12 ஆயிரம் வியூஸ். அந்தப் பக்கத்தில் அதுவரை அதிகபட்சம் 5,000. மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. ‘அல்காரிதம் பிடிபட்டுவிட்டது’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவேறு வைத்தேன்.

ஒரு வாரத்தில் வந்த ஆர்டர் மூன்று. அதில் ஒன்று, மாட்டுக்குப் பிண்ணாக்கு மட்டும் கிடைக்குமா என்று. கடைக்கார அண்ணன் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, நாலு லட்சம் பேரு பாத்திருக்காங்கன்னீங்க. அதுல நாலு பேரு கூடவா எண்ணெய் ஊத்திச் சமைக்கறதில்லீங்க?”

இன்சைட்ஸைத் திறந்து பார்த்தேன். பார்த்தவர்களில் தமிழ்நாடு சொற்பம். வட இந்தியா, அதைத் தாண்டி இந்தோனேசியா. எதையாவது உடைக்கிற, பெயர்க்கிற, சீவுகிற வீடியோ பார்க்கிறதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. சத்தம் காதுக்கு இதமாக இருக்கும், பார்ப்பார்கள், திரும்பப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். என் ரீலை அல்காரிதம் சரியான ஆட்களிடம்தான் கொண்டு சேர்த்தது. அவர்கள் பார்க்கிற ஆட்கள். எனக்கு வேண்டியது வாங்குகிற ஆட்கள். ‘யார் பார்ப்பார்கள்’ என்று நான் அதைக் கேட்டேன், அது பதில் சொன்னது. ‘யார் வாங்குவார்கள்’ என்று நான் கேட்கவே இல்லை.

இதைவிட மோசம் அடுத்து வந்தது. அந்த வாரம் புதிதாக 6,000 ஃபாலோயர் சேர்ந்தார்கள். பிறகு நான் போட்ட தீபாவளி பலகாரத்துக்கான எண்ணெய் ரீலை அவர்களில் சிலருக்குக் காட்டிப் பார்த்திருக்கும். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, முறுக்கும் தெரியாது. இரண்டு விநாடியில் தள்ளிவிட்டிருப்பார்கள். வியூஸ் 900.

3 டிசம்பர் 2024, காலை 7:50

“4 லட்சம் வந்தும் அழுகிறீர்களே, எங்களுக்கு 400 வந்தால் போதும்” என்கிறார் ஒருவர். உங்கள் 400 பேரும் உங்கள் தாலுகாவில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், வாருங்கள்.

3 டிசம்பர் 2024, காலை 8:20

சற்று முன் எழுதியது திமிராகப் படுகிறது. மன்னிக்கவும். காபி குடிக்கவில்லை.

28 டிசம்பர் 2024, மாலை 5:45

மார்கழிக் கதை.

குளிர் தொடங்கியதும் எண்ணெய்க் கடைக்குத் தினம் பத்து போன் வரும். எல்லாம் ஒரே புகார்: தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, மெழுகு கலக்கிறீர்களா? அண்ணன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்குவார். இந்த வருஷம் ஒரே பாட்டாக எடுத்துவிடலாம் என்று அவரைச் செக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். சட்டையில் எண்ணெய்க் கறை, பின்னால் மோட்டார் சத்தம். 50 விநாடி பேசினார். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது அதன் குணம். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். குளிர் காலத்தில் வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வையுங்கள், கரண்டியில் எடுக்கலாம். அவ்வளவுதான். ‘எங்கள் எண்ணெயை வாங்குங்கள்’ என்று ஒரு வார்த்தை இல்லை, அவருக்குச் சொல்ல வரவும் இல்லை.

வியூஸ் 2,300. அதில் 190 பேர் யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். மருமகள் மாமியாருக்கு, மகன் அம்மாவுக்கு. “பாரு, கலப்படம் இல்லையாம்” என்று. பத்து நாளில் 41 ஆர்டர்.

பிண்ணாக்கு ரீலில் லைக் குவிந்தது, ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை. யாரிடம் அனுப்பி என்ன சொல்வது?

30 டிசம்பர் 2024, காலை 9:00

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது. ஒருவர் நியாயமாகக் கேட்டார்: பொங்கல் நெருங்குகிறது, ஆர்டர் எப்படியும் வந்திருக்காதா?

வந்திருக்கும். அண்ணனிடம் போன வருஷ நோட்டைப் பார்க்கச் சொன்னேன். அதே பத்து நாளில் 15. ஆக ரீலின் கணக்கில் 26 என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் இந்த வருஷம் குளிர் கூடுதலா, பழைய வாடிக்கையாளர் திரும்பி வந்தாரா, யார் கண்டது. எந்த ஏஜென்சிக்காரனும் இந்த 15-ஐக் கழித்துவிட்டு ரிப்போர்ட் கொடுக்க மாட்டான். நானும் இத்தனை வருஷம் கொடுத்ததில்லை.

அன்றிலிருந்து கடையில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எங்கே பார்த்து வந்தீங்க?’ என்று கேட்டு ஒரு கோடு.

25 ஜனவரி 2025, இரவு 9:30

மொசேரி இந்த மாதம் பேசியதை எல்லாரும் பகிர்கிறார்கள். மூன்று விஷயம் முக்கியம் என்றார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக், இன்னொருவருக்கு அனுப்புவது. ஏற்கனவே பின்தொடர்கிறவர்களிடம் லைக் கொஞ்சம் கூடுதலாக எடுபடும், புது ஆட்களிடம் போக அனுப்புவது கூடுதலாக எடுபடும் என்றும் சொன்னார். மார்கழி ரீல் விஷயத்தில் எனக்குக் காலர் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சாக்கு.

ஆனால் நாளைக்கே எல்லா ரீலிலும் ‘இதை உங்கள் நண்பருக்கு அனுப்புங்கள்’ என்று எழுதத் தொடங்குவீர்கள். தெரியும். 2017-இல் ‘லைக் போடுங்கள், ஷேர் பண்ணுங்கள்’ என்று கெஞ்சுகிற போஸ்ட்களைக் கீழே தள்ளுவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அதற்கு முன் அந்தக் கெஞ்சலை ஊரெல்லாம் பண்ணியதும் நம் சாதிதான். எது அளவுகோல் என்று வெளியே தெரிகிறதோ அதை நாம் ஆறு மாதத்தில் கெடுத்துவிடுவோம். பிறகு அவர்கள் அளவுகோலை மாற்றுவார்கள். யூட்யூபிலும் இதுதான். 2012 வரை கிளிக்தான் கணக்கு, ஆகவே பொய்த் தலைப்பும் அலறுகிற படமும். அப்புறம் பார்க்கிற நேரத்துக்கு மாறினார்கள். உடனே எல்லா வீடியோவும் ஜவ்வாக இழுபட ஆரம்பித்தது.

9 பிப்ரவரி 2025, மாலை 4:10

பல் டாக்டர் ஒரு யோசனையோடு வந்தார். “வேப்பங்குச்சி நல்லதா பேஸ்ட் நல்லதா என்று சண்டை இழுத்துவிடலாமா, கமென்ட் குவியும்” என்று.

குவியும். சண்டைக்கு மவுசு இருந்த காலம் நிஜமாகவே இருந்தது. ஃபேஸ்புக் 2016-இல் கோபம், சிரிப்பு, அழுகை முகங்களைக் கொண்டுவந்தது. 2017-இலிருந்து அந்த முகங்கள் ஒவ்வொன்றுக்கும் லைக்கைப் போல 5 மடங்கு எடை கொடுத்தார்கள். கோப முகத்துக்கும் அதே 5. கோபம் வரவழைக்கிற போஸ்ட்களில் பொய்யும் குப்பையும் அதிகம் என்று அவர்களுடைய ஆராய்ச்சியாளர்களே கண்டுபிடித்தார்கள். 2020 செப்டம்பரில்தான் கோப முகத்தின் எடையைப் பூஜ்யம் ஆக்கினார்கள். அங்கே வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களால் 2021-இல் நமக்கெல்லாம் தெரிந்தது.

டாக்டரிடம் ஒன்றுதான் சொன்னேன். “சண்டை பார்க்க வந்தவன் பல் பிடுங்க வர மாட்டான் சார்.” அவர் இப்போது வேர் சிகிச்சைக்கு எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று வரிசையாக விளக்கி வீடியோ போடுகிறார். வியூஸ் சுமார்தான். அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று வரவேற்பில் இருக்கும் அக்கா சொல்கிறார்.

16 பிப்ரவரி 2025, இரவு 10:50

“எல்லாம் அனுமானம்தானே, உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா” என்ற கேள்விக்கு: ஒரு தடவை ஓரளவு பார்க்கக் கிடைத்தது. 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலை, நிரல்களை எல்லாரும் பார்க்கும்படி வைக்கிற கிட்ஹப் தளத்தில் வெளியிட்டது. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒருவருக்குச் சுமார் 1,500-ஐப் பொறுக்கும். பாதி அவர் பின்தொடர்கிறவர்களுடையது, பாதி வெளியிலிருந்து. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்தும்.

அந்த மார்க்தான் சுவாரசியம். லைக்குக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதில் எழுதினால் 13.5, பதிவைப் போட்டவர் அந்தப் பதிலைக் கவனித்து உரையாடினால் 75. பிடிக்கவில்லை என்று சொன்னாலோ ஆளைத் தடுத்தாலோ மைனஸ் 74. புகார் செய்தால் மைனஸ் 369. அதாவது ஒரு புகார் வந்தால் 738 லைக் காலி. ஒரு பதில் வாங்கினால் 27 லைக் வாங்கியதற்குச் சமம்.

பதிவை எழுதியவர் ஈலான் மஸ்க்கா என்று தனியாகக் குறித்துவைக்கிற ஒரு வரியும் அதில் இருந்தது. புள்ளிவிவரத்துக்காக என்றார்கள், அன்றே எடுத்துவிட்டார்கள். அரண்மனைச் சமையல்காரன் ராஜாவின் தட்டை மட்டும் தனியாக எண்ணிவைப்பது மாதிரி.

18 பிப்ரவரி 2025, காலை 6:30

திருத்தம். பெரிய தப்பு பண்ணியிருக்கிறேன். மென்பொருள் துறையில் இருக்கும் ஒருவர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார்.

அந்த எடைகள் வந்து விழுந்த லைக்குகளின் எண்ணிக்கையோடு பெருக்கப்படுவதில்லை. ‘இந்த ஒரு குறிப்பிட்ட வாசகர் இதற்கு லைக் போட எவ்வளவு வாய்ப்பு, பதில் எழுத எவ்வளவு வாய்ப்பு, புகார் செய்ய எவ்வளவு வாய்ப்பு’ என்று முன்கூட்டியே ஊகித்து, அந்த வாய்ப்போடு பெருக்குகிறார்கள். லைக் போடுகிறவர் ஏராளம், பதில் எழுதுகிறவர் அபூர்வம், புகார் அதைவிட அபூர்வம். அபூர்வமானதற்கு எடையைக் கூட்டினால்தான் கணக்கில் அது கண்ணுக்கே தெரியும். ஆகவே ‘ஒரு புகார் 738 லைக்’ என்று நான் எழுதியது அபத்தம். இணையம் முழுக்க மார்க்கெட்டிங் ஆட்கள் இதே அபத்தத்தைப் படம் போட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள், நான் அதில் ஒரு ஆடு. போதாததற்கு அவை 2023 ஏப்ரல் கணக்கு எடைகள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அங்கேயே எழுதியும் இருக்கிறது.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று. என் ரீலுக்கு மார்க் என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மார்க். மார்கழி ரீல் திருப்பூர் மருமகளிடம் பாஸ், இந்தோனேசியாக்காரரிடம் ஃபெயில். ‘இந்த ரீல் நல்லதா’ என்று என்னிடம் கேட்டால் இனி ‘யாருக்கு’ என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

2 ஏப்ரல் 2025, பகல் 12:15

துணிக்கடைக்காரர் ஒருவர் சந்தோஷத்தில் துள்ளுகிறார், யூட்யூப் ஷார்ட்ஸில் வியூஸ் சட்டென்று ஏறிவிட்டதாம். ஐயா, மார்ச் 31-இலிருந்து வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று எண்ணும் முறையை மாற்றிவிட்டார்கள். பழைய கணக்கு ‘என்கேஜ்ட் வியூஸ்’ என்ற பெயரில் உள்ளே இருக்கிறது, அதைப் பாருங்கள். படியைப் பெரிதாக்கினால் நெல் கூடாது.

வியூ என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். ஃபேஸ்புக் 2016-இல் ஒப்புக்கொண்டது நினைவிருக்கிறதா? வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிட, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுத்திருக்கிறார்கள். உடனே தள்ளிவிட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை உப்பிக் காட்டியது. இரண்டு வருஷம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க விளம்பர பட்ஜெட் போட்டார்கள்.

20 ஏப்ரல் 2025, இரவு 8:40

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் போவேன். காங்கேயம் காளைகள் வரிசையாக நிற்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாங்குகிறவரும் தரகரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு யார் எவ்வளவு கேட்டார் என்று தெரியாது.

அங்கே நின்றபோதுதான் உங்கள் பூஸ்ட் கேள்விக்கு நான் பாதி பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. விளம்பர ஏலமும் துண்டுக்குள் விரல்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்துகிற மெட்டாவில் அதிகம் கேட்டவனுக்கே மாடு என்று இல்லை. நீங்கள் கேட்கிற விலை ஒரு பக்கம், பார்க்கிறவர் நீங்கள் விரும்புகிற காரியத்தைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்ற ஊகம் ஒரு பக்கம், இரண்டையும் பெருக்கி, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துத்தான் ஜெயித்தவரை முடிவு செய்கிறார்கள்.

‘நீங்கள் விரும்புகிற காரியம்’ என்பதில்தான் சூட்சுமம். லைக் வேண்டும் என்று சொன்னால் லைக் போடுகிற விரல்களைத் தேடிக் கொடுக்கும், அவர்கள் எதற்கும் லைக் போடுவார்கள். ஆர்டர் வேண்டும் என்றால் ஆர்டர் செய்கிறவர்களைத் தேடும், ஆனால் அது பழகுவதற்கு வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர் தேவை. எங்கள் எண்ணெய்க் கடைக்கு நான் முதலில் செய்த முட்டாள்தனம், தினம் 1,000 ரூபாயை ஐந்தாகப் பிரித்து ஐந்து கூட்டத்துக்கு 200, 200-ஆக விட்டது. ஒன்றுக்கும் பழக்கம் வரவில்லை. ஐந்து கன்றுக்கும் ஒரு மாட்டுப் பாலைப் பிரித்த கதை. இப்போது ஒரே கூட்டம், வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்குவதுதான் இலக்கு. பேச்சு நிறைய வரும், ஆர்டர் கொஞ்சம் வரும், அது பழகிக்கொள்கிறது.

நாச்சியார்கோவில்காரரே, நீங்கள் என்ன இலக்கு வைத்து பூஸ்ட் செய்தீர்கள்? எந்த ஊருக்கு?

6 மே 2025, இரவு 9:55

அவர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அனுமதியோடு எழுதுகிறேன்.

இலக்கு: பக்கத்துக்கு ஆள் வரவைப்பது. இடம்: இந்தியா முழுக்க, ‘ஊரைக் குறுக்கினால் செலவு கூடும் என்று மச்சான் சொன்னார்’. இரண்டு மாதத்தில் 11,000 புது ஃபாலோயர். அவர்களில் தமிழ்நாட்டார் பத்தில் ஒருவர்கூட இல்லை. காசு நின்றபின் அவர் போட்ட ஒவ்வொரு விளக்கும் முதலில் இந்தக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறது. அவர்கள் விரலால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். முன்னால் இருந்த 3,000 பேர், கும்பகோணம், தஞ்சாவூர், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள், கல்யாணத்துக்கு விளக்கு வாங்குகிறவர்கள், அவர்களும் இந்தக் கூட்டத்தில் கரைந்துபோனார்கள். என் பிண்ணாக்கு ரீலுக்கு நடந்ததுதான். நான் இலவசமாக மாட்டினேன், அவர் காசு கொடுத்து மாட்டினார்.

ஆக, முதல் நாள் நான் ‘உண்மை இல்லை’ என்று அடித்துச் சொன்னது தவறு. பூஸ்ட்டுக்குப் பிறகு ரீச் படுத்தது நிஜம். யாரும் தண்டிக்கவில்லை, கூட்டம் கெட்டுவிட்டது. மச்சான் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. மச்சானிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். செலவு கூடும் என்று சொன்னாரே, அதற்கு இல்லை, மற்றதற்கு.

அவர் இப்போது வெளியூர் ஃபாலோயர்களை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டிருக்கிறார், ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. அது உதவுமா என்று கேட்டார். வேலை ரொம்ப, பலன் மெதுவாகத்தான் தெரியும் என்றேன். அதைவிட, விளக்கின் உச்சியில் உட்காருகிற அன்னத்துக்குச் சிறகை எப்படி ராவுகிறார்கள் என்று பட்டறையில் எடுத்துப் போடுங்கள் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே பயம், அதுவும் இந்தோனேசியாவுக்குப் போய்விடுமோ என்று. “தமிழில் பேசிக்கொண்டே ராவச் சொல்லுங்கள்” என்று சேர்த்தேன்.

7 மே 2025, காலை 10:20

செக்குக் கடை நோட்டின் இந்த வாரப் பக்கத்தை அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பழைய ஆள் 14. வாட்ஸ்அப் 9. ரீல்ஸ் 2. போர்டு பார்த்து 3. கடைசியில் அவராகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘தங்கச்சி சொன்னா’ 6.

அந்தத் தங்கச்சிகள் எங்கே பார்த்தார்கள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.